தாண்டும் தூரமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது: எதை நம்புவது?

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். என் மகனுக்கு 11 வயது. சார்கோ–மாரி–டூத் நோய் (கை, கால் நரம்புகளைப் படிப்படியாகப் பாதிக்கும் பரம்பரை நோய்), 1ஏ வகை என்று மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. அவன் அப்பாவுக்கும் இருக்கிறது. 9 வயதில் ஒரு தொடர் ஆய்வில் சேர்த்தோம். அப்போது 44க்கு 13 மதிப்பெண், ‘லேசானது’ என்றார்கள். இப்போது 16 வந்திருக்கிறது, ‘நடுத்தரம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே அறிக்கையில் நீளத் தாண்டல் 95 செ.மீ.யிலிருந்து 104 செ.மீ.க்குக் கூடியிருக்கிறது. ஆறு நிமிட நடையிலும் முன்பைவிட அதிக தூரம் நடந்திருக்கிறான். அவன் தேறியிருக்கிறானா, இறங்கியிருக்கிறானா? ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கான முதல் அளவெடுப்பு அடுத்த மாதம். அதற்குள் வீட்டில் பழக்கிவிடலாமா? காலுக்குப் போடும் ஸ்பிளிண்டோடு கூட்டிப் போவதா, கழற்றிவிட்டா? ஊரிலிருந்து எல்லோரும் வைட்டமின் சி கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: இரண்டு எண்ணும் சரிதான். உங்கள் மகன் இரண்டு வருடத்துக்கு முன் தாண்டியதைவிட இன்று அதிகம் தாண்டுகிறான். அதே இரண்டு வருடத்தில் அவன் வயதுப் பையன்கள் அவனைவிட வேகமாக முன்னேறிவிட்டார்கள். முதல் கணக்கு அவனை அவனோடு ஒப்பிடுகிறது, மதிப்பெண் அவனை மற்றவர்களோடு ஒப்பிடுகிறது.

குழப்பத்தில் பாதி ‘மதிப்பெண்’ என்ற சொல்லாலேயே வருகிறது. பள்ளிக்கூடத்து மதிப்பெண் கூடினால் மிட்டாய் வாங்கிக் கொடுப்போம். இது கடன் கணக்கு மாதிரி: 0 என்றால் பாக்கி இல்லை, 44 என்றால் முழுச் சுமை. இந்த அளவுகோலுக்கு சி.எம்.டி.பெட்ஸ் என்று பெயர். சிட்னியின் ஜோஷுவா பர்ன்ஸும் அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி ஆய்வாளர்களும் சேர்ந்து, 3 முதல் 20 வயது வரையுள்ள 172 பேரை அளந்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். மொத்தம் பதினொரு அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. பெரியவர்களுக்கு 36 புள்ளி கொண்ட இன்னொரு அளவுகோல் ஏற்கனவே இருந்தது. உங்கள் கணவருக்கு அதைத்தான் போட்டிருப்பார்கள். அது சிறு பிள்ளைகளுக்குச் சரிவரவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் பாதிக் கட்டங்கள் பூஜ்ஜியத்திலேயே நின்றுவிடும், நோய் நகர்ந்தாலும் எண் நகராது. எனவே வீட்டில் அப்பாவின் எண்ணையும் மகனின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு தராசு.

இனி, 104 செ.மீ. எப்படிக் ‘குறைவு’ ஆகிறது என்று பார்ப்போம். கீழே வருவது புரிவதற்காக நான் போடும் எண்கள், உண்மையான அட்டவணை அல்ல. 9 வயதுப் பையன்களின் சராசரித் தாண்டல் 130 செ.மீ., வழக்கமான சிதறல் (பிள்ளைகளின் எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 தாண்டியவன் சராசரிக்கு 35 செ.மீ. கீழே. 35ஐ 20ஆல் வகுத்தால் 1.75, ஆகவே அவன் இசட் மதிப்பு மைனஸ் 1.75. 11 வயதில் சராசரி 150, சிதறல் 22 என்றால், 104 தாண்டியவன் 46 செ.மீ. கீழே. 46ஐ 22ஆல் வகுத்தால் மைனஸ் 2.09. தாண்டியது 9 செ.மீ. கூடுதல், ஆனாலும் நண்பர்களுக்கும் அவனுக்கும் இடையிலான தூரம் அதிகமாகிவிட்டது. இந்த இசட் மதிப்புத்தான் பிறகு 0 முதல் 4 வரையான புள்ளியாக மாற்றப்படுகிறது. தாண்டல், நடை, கைப்பிடி வலு, பாத வலு, கைவேகம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். வயதும் ஆணா பெண்ணா என்பதும் கணக்கில் வரும்.

இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? வளரும் பிள்ளைக்கு எலும்பு நீள்கிறது, தசை தடிக்கிறது, எடை கூடுகிறது. நோய் ஒரு பக்கம் வலுவைக் குறைத்தாலும் வளர்ச்சி மறுபக்கம் அதைவிட அதிகம் கொடுக்கும். வலுவை வெறும் நியூட்டன் (விசையின் அலகு) கணக்கில் பார்த்தால், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகூட ‘தேறியதாக’த் தெரியும். அந்த எண்ணை நம்பினால் ஒன்றுக்கும் உதவாத மருந்தும் வேலை செய்ததுபோல் ஆகிவிடும். பெரியவர்களிடம் செய்யும் ஆய்வில் இந்தச் சிக்கலே கிடையாது.

ஒப்பிட ஆரோக்கியமான பிள்ளைகளின் எண்கள் வேண்டும். அந்தத் தேவைக்காகத்தான் சிட்னியில் 3 வயதிலிருந்து 101 வயதுவரை 1,000 ஆரோக்கியமானவர்களை அளந்து ஒரு திட்டமே நடத்தினார்கள். ‘நம் பிள்ளைகள் கொஞ்சம் மெலிந்த உடல்வாகு ஆயிற்றே, இங்குள்ள பிள்ளைகளின் சராசரி பொருந்துமா?’ என்ற கேள்வி உங்களுக்கு வந்தால் அது நியாயமான கேள்விதான். ஒரே ஒரு முறை எடுத்த எண்ணில் அந்த வித்தியாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் 9 வயதிலும் 11 வயதிலும் அதே அட்டவணையோடுதான் ஒப்பிடுகிறார்கள் என்பதால், இடையில் வந்த மாற்றத்தை அது பெரிதாகக் கெடுக்காது. ஒரு மருந்து ஆய்வுக்கு முக்கியம் அந்த மாற்றம்தான். அட்டவணையை நடுவில் மாற்றினால் மட்டும் கதை வேறு. அப்போது பழைய அளவுகளையும் புதிய அட்டவணையில் போட்டு மறுபடி கணக்கிட வேண்டும்.

சரி, 13 போய் 16 வந்தது எவ்வளவு பெரிய விஷயம்? பயப்படும் அளவுக்கு இல்லை. 0–14 லேசானது, 15–29 நடுத்தரம், 30–44 கடுமையானது என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகன் 14க்கும் 15க்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டியிருக்கிறான், அவ்வளவுதான். அந்தக் கோட்டின் இரு பக்கமும் உடம்பில் வேறு ஒன்றும் மாறுவதில்லை. கூடவே, ஒவ்வொரு அளவும் ஐந்தே படிகளாகச் சுருக்கப்படுகிறது. இசட் மதிப்பு ஒரு படியின் ஓரத்தில் இருந்தால், ஒரு சிறு அசைவே ஒரு முழுப் புள்ளியைக் கொண்டுவந்துவிடும். மூன்று அளவுகளில் அப்படி நடந்தால் மூன்று புள்ளி.

பொதுவாக எவ்வளவு நகரும் என்பதற்கும் எண் இருக்கிறது. 206 பிள்ளைகளை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வகைகளையும் சேர்த்துச் சராசரி உயர்வு 2.4 புள்ளி, சிதறல் 4.9. உங்கள் மகனின் 1ஏ வகையில் மட்டும் 1.8, சிதறல் 4.2. சிதறல் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைக் கவனியுங்கள். அதாவது இரண்டு வருடத்தில் 6 புள்ளி ஏறிய பிள்ளையும் உண்டு, 2 புள்ளி இறங்கிய பிள்ளையும் உண்டு. உங்கள் மகனின் 3 இந்தக் கூட்டத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதே ஆய்வில் 2ஏ வகைப் பிள்ளைகள் 6.2 ஏறினார்கள். அது வேறு மரபணு, வேறு வேகம். இணையத்தில் வேறு ஒரு பெற்றோர் எழுதியதைப் படித்துப் பதறுமுன் அந்தப் பிள்ளையின் வகை எதுவென்று பாருங்கள்.

இந்த எண்களே மருந்து ஆய்வு நடத்துபவர்களின் தலைவலிக்கும் காரணம். 1ஏ வகையில் நோயின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்து ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் வித்தியாசம் வெறும் 0.9 புள்ளி. சிதறல் 4.2. வழக்கமான புள்ளியியல் விதிப்படி, அதாவது 5% தவறு வரம்பு, கண்டுபிடிக்க 80% வாய்ப்பு என்று போட்டால், மருந்து பெறும் பக்கம், போலி மாத்திரை பெறும் பக்கம் என்று ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 340 பிள்ளைகள், மொத்தம் 680 பேர் வேண்டும். 2500 பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்கூட்டத்தில், அதிலும் ஒரே வகையில், அதிலும் குழந்தைகளாக, அதிலும் இரண்டு வருடம் வந்துபோகச் சம்மதிப்பவர்களாக 680 பேரைச் சேர்ப்பது மலையைப் பெயர்ப்பதுபோல. நோயை முழுதாக நிறுத்தும் மருந்து என்றால் பக்கத்துக்கு 85 பேர் போதும், ஆனால் அப்படி ஒரு மருந்தை எதிர்பார்த்து ஆய்வைத் திட்டமிட முடியாது. இன்னொரு வழி சிதறலைக் குறைப்பது. 4.2 என்பது 3 ஆகக் குறைந்தால், அதே 340 சுமார் 175 ஆகிவிடுகிறது. சிதறலில் ஒரு பங்கு பிள்ளைக்குப் பிள்ளை நோய் உண்மையாகவே வேறுபடுவது, அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பங்கு அளப்பதில் வரும் ஒழுங்கின்மை. அதைக் குறைக்கலாம், அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கே ஒழுங்கு கெடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், அடுத்த மாதம் அறைக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் புரியும்.

பாத வலுவை அளக்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு டைனமோமீட்டரைப் பாதத்தில் வைத்து, ‘மேலே தூக்கு’, ‘கீழே அழுத்து’ என்பார்கள். வைக்கும் இடம் மிக முக்கியம். கால்விரல்கள் தொடங்கும் எலும்பு முண்டுகளின் மேல் வைக்க வேண்டியதைக் கொஞ்சம் கணுக்கால் பக்கம் நகர்த்திவிட்டால் எண் கூடும். கணுக்காலிலிருந்து 12 செ.மீ. தள்ளி வைத்ததை 10 செ.மீ.யில் வைத்தால், பிள்ளை அதே வலுவில் அழுத்தினாலும் எண் 20% அதிகம் காட்டும். கதவைப் பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் கீல் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முட்டி மடங்கியிருந்ததா, நீட்டியிருந்ததா என்பதும் எண்ணை மாற்றும். கீழே அழுத்துவதில் இன்னொரு தொல்லை: கெண்டைக்கால் தசை உடம்பின் மிக வலுவான தசைகளில் ஒன்று. பையன் 13, 14 வயதுக்கு வந்துவிட்டால் அளப்பவரின் கை பின்னால் போய்விடும். அப்போது அளந்தது அளப்பவரின் வலுவைத்தான். நல்ல மையங்களில் அளப்பவர் முழங்கையை உடம்போடு ஒட்டியோ சுவரில் சாய்ந்தோ நிற்பதைப் பார்க்கலாம். மூன்று முறை செய்யச் சொல்வார்கள். நடுவில் ஓய்வு இல்லாமல் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்றாவது எண் சரிந்துவிடும்.

கைக்கு இரண்டு சோதனைகள். ஒன்று ஒன்பது துளைப் பலகை: ஒன்பது குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் வைத்து, திரும்ப எடுத்துப் போட எத்தனை நொடி என்று பார்ப்பது. மற்றது நாலுக்கு நாலு வரிசையில் பதினாறு குச்சிகள், ஒவ்வொன்றையும் ஒரே கையால் தலைகீழாகத் திருப்பி வைப்பது. இரண்டாவதில் சில பிள்ளைகள் குச்சியை நெஞ்சோடோ பலகையோடோ அணைத்துத் திருப்பிவிடுவார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் விரல்களின் வேலையை அது மறைத்துவிடும். இந்த இரண்டு சோதனைகளுக்கும் பெரிய எதிரி குளிர். இந்த நோயில் கையும் காலும் எளிதில் சில்லிட்டுப்போகும். சில்லிட்ட விரல் மெதுவாகத்தான் அசையும். கோடையில் ஒரு முறை, இங்கே குளிர்காலமான ஜூலை மாதக் காலையில் ஒரு முறை அளந்தால் நோய் முற்றியதுபோல் காட்டும். கையுறை போட்டுக் கூட்டிப் போங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே போய் உள்ளே உட்காருங்கள்.

உணர்ச்சிச் சோதனைகள் எளிமையாகத் தெரியும், ஏமாற்றுவதும் அவைதான். ஊசிமுனைபோன்ற ஒன்றால் கால்விரல், கணுக்கால், முட்டி என்று தொட்டு எதுவரை மழுங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அதிர்வுக்கு 64 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதன் நுனியில் 0 முதல் 8 வரை கோடுகள் இருக்கும், ‘நின்றுவிட்டது’ என்று பிள்ளை சொல்லும் கணத்தில் எந்தக் கோடு என்று படிப்பார்கள். பெரியவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு உண்டு. ‘தெரிகிறதா?’ என்றால் ‘ம்’ என்பார்கள். அதனால் அனுபவசாலிகள் நடுநடுவே அதிராத கவையையும் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கும் ‘தெரிகிறது’ என்று வந்தால் மறுபடி முதலிலிருந்து.

சமநிலைக்கு ஒன்பது சிறு வேலைகள்: கோட்டின்மேல் நடப்பது, குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடப்பது, ஒற்றைக் காலில் கண் திறந்தும் மூடியும் நிற்பது, தாழ்ந்த கட்டையின்மேல் நிற்பது. நடையைப் பார்க்கும்போது பாதம் தொங்குகிறதா, குதிகாலில் நடக்க முடிகிறதா, நுனிக்காலில் நடக்க முடிகிறதா என்று கவனிப்பார்கள். தாண்டலில் இரண்டு காலும் சேர்ந்து கிளம்ப வேண்டும், கோட்டிலிருந்து பின்தங்கிய குதிகால்வரை அளக்க வேண்டும், பின்னால் விழுந்து கையை ஊன்றினால் அது செல்லாது. நான் சொன்ன 206 பிள்ளைகள் ஆய்வில் அதிகம் நகர்ந்தவை மூன்றே: பாதத்தை மேலே தூக்கும் வலு, சமநிலை, தாண்டல். உங்கள் மகனின் அறிக்கையில் மூன்று புள்ளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். அப்படி இல்லாமல் ஊசிமுனைச் சோதனையில் மட்டும் இரண்டு புள்ளி ஏறியிருந்தால், அன்று அவன் சோர்ந்திருந்தானா என்று முதலில் கேட்பேன்.

கடைசியாக ஆறு நிமிட நடை. பாதையின் நீளம் இரண்டு முறையும் ஒன்றாக இருந்ததா என்று கேளுங்கள். 30 மீட்டர்ப் பாதையைவிட 20 மீட்டர்ப் பாதையில் திரும்புவது அதிகம், ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் போகும். சமநிலை குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம் போகும். அளப்பவர் நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிவைத்த அதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். இங்கேதான் அம்மா அப்பாவால் கெடுதல். ஓரத்தில் நின்றுகொண்டு ‘இன்னும் வேகமா, இன்னும் வேகமா’ என்று ஒரு வருடம் கத்திவிட்டு அடுத்த வருடம் வேலைக்குப் போய்விட்டால், அந்த வித்தியாசம் மருந்தின் கணக்கில் எழுதப்படும். வெளியே உட்காருங்கள், அல்லது உள்ளே இருந்தால் வாய் திறக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

வீட்டில் பழக்காதீர்கள். குச்சிப் பலகையைப் பத்து நாள் பழகினால் நொடிகள் குறையும், ஆனால் நரம்பு மாறியிருக்காது. ஆய்வின் தொடக்கத்தில் அவன் உண்மையைவிட நன்றாகத் தெரிவான். பிறகு பழக்கம் விட்டுப்போக, இறங்கியதாகத் தெரிவான். மருந்து உண்மையிலேயே வேலை செய்தாலும் அது மறைந்துபோகும். இன்னொன்றும் உண்டு: பல ஆய்வுகளில் சேர்வதற்கே மதிப்பெண் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பழக்கிக் குறைத்தாலும், சேர்க்க வேண்டும் என்பதற்காக ‘மெதுவாச் செய்’ என்று சொல்லிக் கொடுத்தாலும், இரண்டுமே ஆய்வைக் கெடுக்கும். முந்தைய நாள் நல்ல தூக்கம், காலையில் வழக்கமான சாப்பாடு, அன்று விளையாட்டு வகுப்பு வேண்டாம். அவ்வளவு தயாரிப்பு போதும். காய்ச்சலோ கணுக்கால் சுளுக்கோ இருந்தால் போன் செய்து நாளைத் தள்ளி வையுங்கள். ‘பரவாயில்லை, வந்துவிட்டோமே’ என்று அளக்க விடாதீர்கள்.

ஸ்பிளிண்ட் விஷயத்தில் நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்கும். போட்டுக்கொண்டு வாருங்கள், பையில் அவன் தினமும் போடும் ஷூவையும் எடுத்து வாருங்கள். எந்தச் சோதனையை எதோடு செய்தார்கள் என்று நீங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அப்படியே இருக்க வேண்டும். பிள்ளைகளின் ஷூ ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும். விரல் மடங்கும் ஷூவோடு ஆறு நிமிடம் நடந்தால் நடந்தது ஷூவின் தூரம்.

உடற்பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இங்கே சொல்லியாக வேண்டும். 6 முதல் 17 வயதுவரை உள்ள 60 பிள்ளைகளிடம், பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு வாரம் மூன்று நாள், ஆறு மாதம் படிப்படியாகப் பாரம் ஏற்றிப் பயிற்சி கொடுத்த ஒரு நல்ல ஆய்வு 2017இல் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு அந்த வலு குறைவது மெதுவாகியிருந்தது. அதனால் பயிற்சி நல்லதுதான். ஆனால் மருந்து ஆய்வின் நடுவில் புதிதாக ஆரம்பித்தால், பலன் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. இப்போதே பிசியோதெரபிஸ்டிடம் செய்துகொண்டிருந்தால் நிறுத்தாதீர்கள், அதே அளவில் தொடருங்கள், ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். பாதத்துக்கு அறுவைச் சிகிச்சை யோசனை இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும். தசைநாரை மாற்றி வைத்த பிறகு பாத வலுவின் எண் நோயைக் காட்டாது, அறுவையைக் காட்டும்.

வைட்டமின் சி வேண்டாம். இந்த யோசனை 2004இல் எலிகளில் கிடைத்த நல்ல பலனிலிருந்து வந்தது. அதை வைத்து 1ஏ வகைப் பிள்ளைகள் 81 பேருக்கு, எடைக்கேற்ப கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் தினமும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது: போலி மாத்திரையோடு வித்தியாசமில்லை. பிறகு இத்தாலி, பிரிட்டனில் பெரியவர்களிடம் இரண்டு வருடம் பார்த்தார்கள், அங்கும் பலனில்லை. ஊரில் சொல்பவர்கள் எலிகள் வரைக்கும்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தக் குழந்தைகள் ஆய்விலிருந்து அளப்பவர்கள் கற்றுக்கொண்ட பாடமும் ஒன்று உண்டு. அதில் முதன்மை அளவாக வைத்தது கையில் ஓடும் மீடியன் என்ற நரம்பில் சமிக்ஞை போகும் வேகம். 1ஏ வகையில் அந்த வேகம் சிறு வயதிலேயே விழுந்து, பிறகு வருடக்கணக்கில் அநேகமாக அங்கேயே நிற்கும். பிள்ளையின் நடை மோசமானாலும் அந்த எண் அசையாது. நோயைக் கண்டுபிடிக்க அது அருமையான சோதனை, மாற்றத்தை அளக்க மோசமான சோதனை. பிள்ளைகளின் உடல் இயக்கத்தையே நேராக அளக்கும் கோல் வேண்டும் என்ற தேவை அப்போது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

மருந்து ஆய்வில் சேர்ப்பதா என்ற முடிவுக்கு வருமுன், சம்மதப் படிவத்தில் ‘முதன்மை அளவு’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மொத்த மதிப்பெண்ணா, பாத வலு போன்ற ஒரே அளவா, கெண்டைக்கால் தசையில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.யா? மொத்த மதிப்பெண் என்றால், எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம் என்று கேளுங்கள். 1ஏ வகையில் ஆறே மாதத்தில், நாற்பதே பேரில், மொத்த மதிப்பெண்ணை வைத்து மருந்தின் பலனை நிரூபிக்கப் போகிறோம் என்றால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். எனக்கு அதில் நம்பிக்கை வராது. பல வகைகளைக் கலக்கிறார்களா என்றும் கேளுங்கள். மெதுவாக நகரும் 1ஏயையும் வேகமாக நகரும் 2ஏயையும் கணக்கில் பிரிக்காமல் ஒரே கூடையில் போட்டால் எந்தப் பக்கம் யார் அதிகம் விழுந்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். அளப்பவருக்கு எந்தப் பிள்ளை எந்த மருந்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும். முடிந்தால் ஒரே ஆள் முதலிலும் கடைசியிலும் அளக்க வேண்டும். இவற்றைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

வேறு மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள், வீட்டு வைத்தியம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்த நோயுள்ளவர்களின் நரம்பைக் கடுமையாகத் தாக்கும் என்ற குறிப்பு மகன், அப்பா இருவருடைய மருத்துவக் கோப்பிலும் இருக்கட்டும்.

அறிக்கையின் மேல்பக்கத்து எண்ணோடு திரும்பிவிடாமல், பதினொரு அளவுகளின் அசல் எண்களும் இசட் மதிப்புகளும் உள்ள தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்: செ.மீ., நொடி, நியூட்டன், மீட்டர். அன்றைய உயரமும் எடையும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளில் வலி, களைப்பு, பள்ளியில் விளையாட்டு நேரத்தில் ஓரமாக நிற்பது எதுவும் இருக்காது. அதற்குத் தனியாக ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் உண்டு. 8 வயதிலிருந்து 18 வயதுவரை பிள்ளையே நிரப்புவது, பெற்றோருக்கு வேறு தாள். உங்கள் தாளை அடுத்த அறையில் உட்கார்ந்து நிரப்புங்கள். அவன் தாளில் என்ன எழுதினான் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்காதீர்கள்.